மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்

1991ஆம், 1992ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டு ஒழுங்கைகளில் மோட்டார் வண்டியொன்று வருகின்றது என்பதைக் கண் காணுமுன்னரே மூக்கு அறிந்துவிடும். அரிக்கன் லாந்தரை ஊதி அணைத்தவுடன் எழுகின்ற நெடி முதலில் வரும். தொண்டையைக் கமறச் செய்யும் வெண்புகை அடுத்து வரும். வண்டி அதற்குப் பின்னரே வரும். அவ்வண்டி பெரும்பாலும் ஆஸ்டின் ஏ-40 ஆகவோ, மொறிஸ் மைனராகவோ, ஆஸ்டின் கேம்பிரிட்ஜாகவோ இருக்கும். வைத்தியர்களும் அப்புக்காத்துமாரும் ஒரு காலத்தில் பெருமையோடு வாங்கி ஓட்டி, பின்னர் வாடகைக் காராகி, ஈற்றில் மாமரத்தின் கீழே கோழிகள் முட்டையிடும் கூடாகிப்போன வண்டிகள் அவை. நாற்பது வயதை அண்மித்த அவ்விரும்புகளுக்கு எவரும் எதிர்பாராத இரண்டாம் வாழ்வு அவ்வாண்டுகளில் கிடைத்தது.

காரணத்தை நேயர்களுள் மூத்தோர் நன்கறிவர். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கான தரைப்பாதை அடைபட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி என்பன தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. பற்றரி இல்லாமையால் மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் இந்நிகழ்ச்சியைக் கேட்போருள் இன்றும் இருக்கக்கூடும். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அதன் விலையும் ஏறியிருந்தது, வரிசையும் நீண்டிருந்தது. எனினும், வண்டிக்கு ஊற்றக்கூடிய பொருள் அது ஒன்றே என்ற நிலை ஏற்பட்டது.

பழைய வண்டியின் எஞ்சினைத் திருத்தி அமைத்தல் என்றால் உலகின் பிற பாகங்களில் அதற்குப் பொருள் வேறு. அங்கே வலுவைக் கூட்டுவதே நோக்கம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 2.2 லீற்றர் கொள்ளளவும் 60 குதிரைவலுவும் உடையது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே அதனைக் கமக்காரனுக்கு ஏற்றதாக்கி, எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து அறுவை இயந்திரத்தையும் பிறவற்றையும் ஓட்டக்கூடிய வசதியுடன் விற்பனைக்கு விட்டார்கள். 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் றோவரும் அதே எண்ணத்திற் பிறந்ததுதான். 1953ஆம் ஆண்டில் வில்லிஸ் நிறுவனத்தார் தம் ஜீப்பின் வலுவைச் சற்றே கூட்ட விரும்பினர். வால்வுகளின் அமைப்பை மாற்றினர். வலு 70 குதிரைவலுவைத் தாண்டியது. ஆனால் எஞ்சின் உயர்ந்துவிட்டமையால் மேல்மூடி பொருந்தவில்லை. முன்பக்கம் முழுவதையும் உயர்த்திக் கட்ட நேர்ந்தது. அந்த ஜீப்பின் முகம் இன்றும் நெற்றி தூக்கிய முகமாகத் தோன்றுவது அதனாலேயே.

ஓர் எஞ்சினில் ஒன்றைக் கூட்டினால் வேறெங்கோ ஒன்று கணக்குக் கேட்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் நாட்டிற் பலர் பழைய ஜீப்புகளின் பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும் ஆற்றல் டீசலுக்கு உண்டு. சேற்றிலும் மணலிலும் அஃது உதவும். ஆனால் அதன் பாரம் முன் வில்லுகளை அமிழ்த்தும், பழைய பிறேக் போதாது, றேடியேற்றர் கொதிக்கும். போதாக்குறைக்கு, எஞ்சின் இலக்கம் மாறியதைப் பதிவுப் புத்தகத்திற் சேர்ப்பித்துக்கொள்ளவும் வேண்டும்.

குடாநாட்டு மெக்கானிக்குகளின் முன் நின்ற வினா இவ்வகையினது அன்று. எரிபொருளே இல்லாத ஊரில் வலுக்கூடிய எஞ்சினால் யாருக்கு என்ன பயன்? கிடைப்பதைக் குடித்து ஓடும் எஞ்சின் எதுவோ அதுவே அன்று வலுவுள்ள எஞ்சின். ஆகவே உலகம் ஏற்றிய படியை அவர்கள் இறங்கினார்கள். வலுவிற் பெரும்பங்கை அறிந்தே விட்டுக்கொடுத்து, ஓடும் தகுதியைப் பெற்றார்கள்.

இதன் நுட்பத்தைச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒரே மசகெண்ணெயிலிருந்து வடிப்பனவே. ஆயினும் பெற்றோல் இலேசானது. மூடியைத் திறந்தாலே ஆவியாகும். உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரையிலான குளிரிலும் அதன் ஆவி தீப்பற்றும். மண்ணெண்ணெயோ 38 பாகை செல்சியஸை அண்மித்த பின்னரே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அது கொதிக்கத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 150 பாகை வேண்டும். காலைக் குளிரில் கிடந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயைச் செலுத்தினால் அது துளித்துளியாகச் சிலிண்டரை நனைக்குமேயன்றிப் பற்றாது. இது முதலாவது தடை.

இத்தடையைக் கடக்க இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். எஞ்சினை எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். தங்கத்தைப் போல் ஒளித்து வைத்த பெற்றோல் அது. வைத்தியசாலையில் மருந்தேற்றிய பின் எறிந்த சேலைன் போத்தலும் அதன் மெல்லிய குழாயும் இதற்குப் பயன்பட்டன. கார்பரேற்றரின் வாயிற் சொட்டுச் சொட்டாக விழும் பெற்றோலில் எஞ்சின் விழித்துக்கொள்ளும். சற்றே சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். நோயாளியின் உடலிற் சொட்டு மருந்து இறங்குவதுபோல் ஆஸ்டினின் உடலிற் பெற்றோல் இறங்குவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அச்சிரிப்புக்குள் இருந்த வருத்தமும் சிறிதன்று.

இரண்டாவது வழி சூடு. புகை வெளியேறும் குழாய் எஞ்சினில் மிகச் சூடான பாகம். மண்ணெண்ணெய் செல்லும் செப்புக் குழாயை அதனருகே கொண்டு சென்றோ, அதன்மீது சில சுற்றுச் சுற்றியோ கார்பரேற்றருக்கு அனுப்பினால் எண்ணெய் போகும் வழியிலேயே காய்ந்துவிடும். எத்தனை சுற்று என்பது கைப்பழக்கம். சூடு குறைந்தால் எஞ்சின் இருமும். கூடினால் எண்ணெய் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைப்படும். எரிபொருளையும் நெருப்பையும் ஒரு விரற்கடை இடைவெளியில் வைக்கும் இவ்வேலை ஆபத்தானது. வேறு வழியுள்ள ஒருவர் இன்று இதனைச் செய்து பார்ப்பாராயின் அதனை அறிவுடைமை என்று சொல்வதற்கில்லை.

ஆவியாக்கிவிட்டால் மட்டும் போதாது. இரண்டாவது தடை நெருக்கம் பற்றியது. சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே நிற்கும்போதுள்ள இடத்தையும், மேலேறிய பின் எஞ்சும் இடத்தையும் ஒப்பிட்டுக் கூறுவது நெருக்க விகிதம். விகிதம் கூடக்கூட அதே எண்ணெயிலிருந்து பெறும் வலுவும் கூடும். ஆனால் மண்ணெண்ணெய் ஆவி நெருக்கத்தைத் தாங்காது. தீப்பொறியிலிருந்து ஒழுங்காகப் பரவும் சுடரைக் காத்திராமல், எஞ்சியிருக்கும் ஆவி தானாகவே வெடித்துவிடும். வெளியே நிற்பவர்க்கு அது சுத்தியலாற் தட்டும் ஓசையாகக் கேட்கும். அத்தட்டல் நீடித்தால் பிஸ்டன் உடையும்.

இங்கேதான் பழமை கைகொடுத்தது. ஆஸ்டின் ஏ-40இன் நெருக்க விகிதம் 7.2க்கு 1. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்காகவே அவ்வாறு தாழ்வாக அமைத்தார்கள். அதன் பின் வந்த ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அது 9ஐ அண்மித்தது. 1980களில் ஆசையோடு வாங்கப்பட்ட புதிய வண்டிகள் ஓலைக் கொட்டிலுக்குள் முடங்க, மாமரத்தடி ஆஸ்டின் வீதிக்கு வந்த மாயத்தின் விளக்கம் இதுவே. முன்னொரு காலத்தில் வேகம் வேண்டி ஹெட்டைச் சீவி நெருக்கத்தைக் கூட்டிய வண்டிகள் உண்டு. அப்படி மெருகேற்றிய எஞ்சினே மண்ணெண்ணெய்க்கு முதற் பகை.

7.2 என்ற விகிதமும் மண்ணெண்ணெய்க்கு உயர்வுதான். அதனை இறக்குவதற்கு ஹெட்டின் கீழே ஒன்றுக்கு இரண்டாகக் கஸ்கெற் வைத்தல் நெடுங்காலமாக அறியப்பட்ட முறை. ஹெட் சற்றே உயர, உள்ளே இடம் பெருகும். தீப்பொறி எழும் நேரத்தையும் பின்தள்ளவேண்டும். டிஸ்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்திக் கையாற் சிறிது திருப்பி, செவியால் ஓசை கேட்டு நிறுத்துவார்கள். மைனரில் உள்ள எஸ்.யூ. கார்பரேற்றராயின் அதன் அடியிலுள்ள மறையைத் திருகி எண்ணெயின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். கருவிகள் என்று சொல்லத்தக்கவை நான்கு சாவிகளும், ஒரு திருகாணிச் சுழற்றியும், நன்கு பழகிய காதுமே.

இவ்வளவையும் எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தார்கள்? இவ்விடத்தில் ஒரு செய்தி வியப்பைத் தருகின்றது. இங்கிலாந்தின் கோவென்றி நகரில் 1946ஆம் ஆண்டு முதல் உருவான பேர்குசன் உழவு இயந்திரத்தில், 1949ஆம் ஆண்டளவில் ஒருவகை மண்ணெண்ணெயில் ஓடும் பிரிவும் வந்தது. அதற்கு இரண்டு அறைகளுள்ள தாங்கி. பெற்றோலில் எழுப்பிச் சூடேற்றிய பின் மற்றதற்கு மாற்றவேண்டும். நெருக்க விகிதம் 5க்குக் கீழ். உள்ளே செல்லும் ஆவியைப் புகைக்குழாயின் வெப்பம் காய்ச்சும். வேலை முடிந்து நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பிச் சில நிமிடம் ஓட்டி, அடுத்த நாளுக்காகக் கார்பரேற்றரைப் பெற்றோலால் நிரப்பவேண்டும் என்பதும் விதி. பொறியியலாளர்கள் வரைபலகையில் தீட்டிய அதே விதிகளைக் கொக்குவிலிலும் சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் கறுத்த கைகளோடு நின்ற மனிதர்கள் தாமாகவே வந்தடைந்தார்கள்.

அவர்களுக்கு முன்மாதிரியே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. துலாவுக்கும் பட்டைக்கும் பின் தோட்டக் கிணறுகளில் வந்த நீரிறைக்கும் இயந்திரம் பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெயில் ஓடுவதைச் சிறுவயது முதற் பார்த்தவர்கள் அவர்கள். கரையோர மீனவரின் படகு மோட்டாரும் அவ்வாறே. வெங்காயப் பாத்தியில் கற்றதை வீதியில் ஓட்டினார்கள் எனலாம். உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பெற்றோல் அருகியபோது பஸ் வண்டியின் பின்னே உலையைக் கட்டி, கரியை எரித்த வாயுவில் ஓட்டியதும் இவ்வகையைச் சேர்ந்ததே. டீசல் எஞ்சினைக்கூட 1900ஆம் ஆண்டின் பாரிஸ் பொருட்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய் தந்த ஓட்டத்துக்கு எஞ்சின் கொடுத்த விலையும் உண்டு. பிளக்குகளிற் கரி படியும். அடிக்கடி கழற்றிக் கம்பித் தூரிகையாலும் மண்கடதாசியாலும் தேய்க்கவேண்டும். வால்வுகள் கருகும். எல்லாவற்றிலும் கொடியது கண்ணுக்கு நன்மைபோல் தோன்றும் தீமை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரை வழித்துக்கொண்டு கீழேயுள்ள எஞ்சின் எண்ணெயோடு சேரும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால் அளவு குறையாதிருக்கும். சில வேளை கூடியுமிருக்கும். அனுபவமில்லாத சாரதி மகிழ்வார். அனுபவமுள்ளவர் அவ்வெண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார். வழுக்கல் போய்த் தண்ணீராகியிருந்தால், எஞ்சின் தன் எலும்பைத் தானே அரைக்கத் தொடங்கிவிட்டது என்பது பொருள். எண்ணெயை மாற்றவேண்டும், புதிய எண்ணெயோ எளிதிற் கிடையாது.

வண்டியின் உடைமையாளர் வேறொரு கணக்கையும் பார்க்கவேண்டியிருந்தது. அதே மண்ணெண்ணெயே வீட்டின் விளக்கு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டுச் சிறிதளவு எண்ணெயில் நெடுநேரம் எரியும் சிக்கன விளக்கைக் குடாநாட்டார் கண்டுபிடித்துக்கொண்ட காலம் அது. அவ்வொளியில் மாணவர்கள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். கொதிநிலை, எரிபற்று நிலை என்பவற்றைப் பாடப்புத்தகத்தில் உருப்போட்ட பிள்ளைக்கு, அவற்றின் செயல்முறை வெளியே ஒழுங்கையில் புகைவிட்டுக்கொண்டு போனது. அதே எண்ணெயே தோட்டத்தின் நீர். ஒரு போத்தல் எண்ணெய் வண்டிக்குப் போனால் எத்தனை இரவுப் படிப்பு, எத்தனை பாத்தி நீர் என்று எண்ணாமல் சாவியைத் திருப்பியவர் மிகச் சிலரே. ஆகவே வண்டி பெரும்பாலும் உலாவுக்குப் புறப்படவில்லை. பிள்ளைப்பேற்றுக்கும், பாம்புக் கடிக்கும், குண்டுக் காயத்துக்கும் புறப்பட்டது. நள்ளிரவிற் படலையைத் தட்டி, ‘அண்ணை, காரை ஒருக்கா எடுங்கோ’ என்று அழைத்த குரலுக்கு மறுமொழி கூறுமுன் சேலைன் போத்தலில் எத்தனை துளி எஞ்சியிருக்கின்றது என்று பார்த்தல் வேண்டும். அத்துளிகள் போதாத இரவுகளில் வாசலில் நின்றவர்களே தள்ளினார்கள். சூடேறாத எஞ்சினைத் தள்ளி எழுப்புதல் இளைஞர் நால்வருக்கும் எளிதன்று.

1993ஆம், 1994ஆம் ஆண்டுகளில் குடாநாட்டிலிருந்து தெற்கே செல்வோர்க்குக் கிளாலிக் கடனீரேரியே வாயிலாக இருந்தது. கரைவரை செல்லும் மணற்பாதையில், நகர வீதிக்கென இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார்கள் ஜீப்பின் வேலையைச் செய்யவேண்டியதாயிற்று. வலுக் குறைந்த எஞ்சின், பாரமோ ஆறேழு பேரும் பெட்டிகளும். முதலாம் கியரில் உறுமிக்கொண்டு மணலில் ஏறும்போது இறங்கித் தள்ளுவது பயணிகளின் கடமையாகவே கருதப்பட்டது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மழையிருட்டில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் நகர்ந்தனர். பெரும்பாலோர் கால்நடையாகவும் மிதிவண்டியை உருட்டிக்கொண்டும் சென்றனர். உழவு இயந்திரங்களும் கார்களும் அக்கூட்டத்தின் நடுவே ஊர்ந்தன. அடிக்கொரு தரம் நின்று ஊர்தல் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு மிகக் கடிய சோதனை. ஓட்டம் குறையச் சூடு தணியும். சூடு தணிய ஆவி குன்றும். பிளக் நனைந்து எஞ்சின் அவியும். மீண்டும் எழுப்பப் பெற்றோல் வேண்டும். பின்னிருக்கையில் நடக்கவியலாத முதியவர்கள் இருந்தார்கள். எஞ்சின் அவிந்த இடத்தில் வண்டியை ஓரம் தள்ளிவிட்டு அவர்களைத் தோளிற் சுமந்தவர்களும் உளர்.

போரின் போக்கு மாறி, 1996ஆம் ஆண்டின் பின் பெற்றோல் படிப்படியாக மீண்டும் வந்தது. 2002ஆம் ஆண்டில் ஏ-9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து புதிய வண்டிகளும் வந்தன. அப்பொழுது கராஜ்களுக்கு எதிர்த் திசையில் வேலை கிடைத்தது. மண்ணெண்ணெய் குடித்துப் பழகிய எஞ்சினைப் பெற்றோலுக்கு மீட்பதும் ஓர் ஒழுங்கில் நடக்கவேண்டிய காரியம். முதலில் கீழ்த்தொட்டியின் எண்ணெயை முற்றாக இறக்கவேண்டும். தாங்கியைக் கழற்றிக் கழுவி, செப்புக் குழாயின் சுற்றுகளை அவிழ்த்து, புகைக்குழாயிலிருந்து விலக்கிப் பழைய வழியே கொண்டுசெல்லவேண்டும். இதனை மறந்தால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். கசிந்தால் தீயும் பற்றும். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வுகளை அரைத்து இருத்தி, மேலதிகக் கஸ்கெற்றை எடுத்துவிட்டு, தீப்பொறி நேரத்தை முன்னைய குறிக்குத் திருப்பவேண்டும். வெட்டிக் குறைக்காமல், இடைச்செருகியும் திருகியும் மட்டுமே மாற்றிய மெக்கானிக்கின் வண்டி ஓரிரு நாளில் மீண்டது. அவசரத்தில் உலோகத்தைக் குடைந்தும் அறுத்தும் மாற்றியவரின் வண்டி மீளவில்லை. நல்ல கைக்கும் அவசரக் கைக்கும் உள்ள வேறுபாடு இப்படித்தான் பல ஆண்டு கழித்துத் தெரிந்தது.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தபோது பழைய மெக்கானிக்குகளிடம் சிலர் பழைய வித்தையைக் கேட்டு வந்தனர். இம்முறை அது உதவவில்லை. வீதியில் நின்ற வண்டிகளிற் பல கார்பரேற்றரே இல்லாதவை. கணினி அளந்து எண்ணெயைப் பீச்சும் எஞ்சின்களில் சேலைன் குழாயைச் செருக இடமில்லை. புகையைச் சுத்திகரிக்கும் பாகமும் மண்ணெண்ணெயாற் கெட்டுவிடும். மண்ணெண்ணெய்தானும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும், மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட படகு மோட்டார்களைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மீனவர்கள் கையிலிருந்த எண்ணெய் எத்தனை பாகத் தூரத்துக்குக் காணும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.